ராட்டைக்குப் போன சக்கரமும் ஒரு பிளாஸ்டிக் கியரும்

பழைய சைக்கிள் பித்து பிடிச்சவங்க மத்தியில 'பீரியட் கரெக்ட்'னு ஒரு வியாதி இருக்கு மக்களே. 1974-ல வந்த சைக்கிளை சரி பண்றோம்னு வைங்க, அதுல மாட்டுற கியர், பிரேக், சீட்டு, கேபிள் உறையோட கலர் வரைக்கும் அந்த வருஷத்து கேட்லாக்ல இருந்ததாவே இருக்கணும். 1978-ல வந்த போல்ட்டைப் போட்டா பாவம். அதுக்காக உலகம் பூரா இன்டர்நெட்ல தேடி, தங்கம் விலைக்கு துருப்பிடிச்ச இரும்பை வாங்குவாங்க. எனக்கும் மூணு வருஷம் முன்னாடி லேசா தொத்திக்கிச்சு.

(டிஸ்கி: இது முழுக்க முழுக்க சைக்கிள் மொக்கை. பட்டுப்புடவை பத்தியும் கொஞ்சம் வரும். ரெண்டும் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம் :-) )

எங்க வீட்டு சைக்கிள் ஒரு ராலே கிராண்ட் பிரீ. போளூர்ல ராலேன்னு சொன்னா அப்பல்லாம் அசன்சோல்ல சென்-ராலே கம்பெனி செஞ்ச கறுப்பு சைக்கிளைத்தான் நினைப்பாங்க. இது அது இல்ல. இங்கிலாந்து, நாட்டிங்காம் சரக்கு. வளைஞ்ச ஹேண்டில்பார், சிவப்பு பெயின்ட், பத்து கியர். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்புறப்ப வித்துட்டுப் போனது. எங்கப்பா 1979-ல வாங்கினார். ஃப்ரேம்ல அடிச்சிருக்கற நம்பர் 'என்' எழுத்துல ஆரம்பிக்கும், ரெண்டாவதா இன்னொரு எழுத்து, அடுத்து 4. ராலே 1973-லேர்ந்து போட்ட நம்பர் முறைப்படி 'என்'னா நாட்டிங்காம், 4-ன்னா 1974. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது "கெட்டியான வண்டி, எடை கம்மி".

அப்பா செஞ்ச வேலை என்னன்னா, ஆரணி கடைக்காரங்க கொடுக்கற பட்டு நூலையும் ஜரிகையையும் போளூர், தேவிகாபுரம் பக்கத்து தறிக்காரங்க வீட்டுல சேர்க்கணும். நெஞ்சு முடிஞ்ச புடவையை எடுத்துகினு போய் ஆரணியில கொடுக்கணும். போளூர்லேர்ந்து களம்பூர் வழியா ஆரணி முப்பது கிலோமீட்டர் கிட்ட வரும். மலை எதுவும் கிடையாது, தரை ரோடுதான். அப்புறம் எதுக்கு பத்து கியர்னு கேப்பீங்க.

ஆடி மாசம் எங்க ஊருக்கு வந்து பாருங்க. காத்து மேற்கேயிருந்தும் தென்மேற்கேயிருந்தும் அடிக்கும். ஆரணி எங்களுக்கு வடகிழக்கு. ஆக காலையில போறப்ப காத்து முதுகுல தள்ளிவிடும், ஜாலி. சாயங்காலம் நூல் மூட்டையோட திரும்புறப்ப நேரா மூஞ்சியில அறையும். களம்பூர் தாண்டினா நிழலும் கிடையாது, மறைவும் கிடையாது.

கணக்கு சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நம்ம ஊரு சாதா சைக்கிள்ல முன்னாடி 48 பல்லு, பின்னாடி 18 பல்லு இருக்குன்னு வைங்க. பெடலை ஒரு சுத்து சுத்தினா வண்டி ஆறு மீட்டர் கிட்ட ஓடும். காத்தடிச்சாலும் ஆறு, மேடு ஏறினாலும் ஆறு. கிராண்ட் பிரீல முன்னாடி 52, 40-ன்னு ரெண்டு பல்சக்கரம். பின்னாடி 14-லேர்ந்து 28 வரைக்கும் அஞ்சு. எல்லாத்துலயும் லேசான ஜோடி 40-க்கு 28. அதுல ஒரு சுத்துக்கு மூணு மீட்டர்தான் போகும். எல்லாத்துலயும் கனமானது 52-க்கு 14, அதுல எட்டு மீட்டர். காலையில காத்தோட போக எட்டு, சாயங்காலம் எதிர்காத்துல மூணோ நாலோ. அப்பா ரேஸ் ஓட்டறதுக்காக கியர் வெச்சிருக்கல, ஆடி காத்துக்காக வெச்சிருந்தார்.

செயினை ஒரு பல்லுலேர்ந்து அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடற சாமானுக்கு டீரெய்லியர்னு பேரு. பிரெஞ்சு வார்த்தை. ரயில் தடம் புரளுதுன்னு சொல்றோமே, அதேதான். வேணும்னே செயினை தடம் புரள வெச்சு பக்கத்து தடத்துல ஏத்தறது. ஒரு சின்ன கூண்டு, அதுக்குள்ள ரெண்டு குட்டி பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், இழுக்க ஒரு கேபிள். இப்ப வர்ற சைக்கிள் மாதிரி 'டிக் டிக்'னு இடம் பாத்து நிக்காது. அப்படி நிக்கிறதை ஷிமானோ 1984-க்கு அப்புறம்தான் ஊருக்கெல்லாம் பழக்கினாங்க. பழசுல லீவர் ஃப்ரேமோட சாய்ஞ்ச கம்பியில இருக்கும். குனிஞ்சு, விரலால கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, செயின் சத்தம் அடங்கற இடத்துல விடணும். அப்பா சின்ன வயசுல தறியில உக்காந்தவர். இழை தளர்ந்திருக்கா இறுகியிருக்கான்னு விரல்லயே கண்டுபிடிக்கற ஆளு. கியர் ஒரு வாரத்துல கைக்கு வந்துடுச்சுன்னு சொல்லுவார்.

இப்ப வில்லன் என்ட்ரி. அந்த டீரெய்லியர் சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ். பிரான்ஸ்ல டிஜோன் ஊர்ல லூசியன் ஜூயின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி. அறுபதுகளோட ஆரம்பத்துல, இரும்பு வேணாம்னு டெல்ரின்ங்கற பிளாஸ்டிக்ல டீரெய்லியர் பண்ண ஆரம்பிச்சாங்க. துருப்பிடிக்காது, எடை கம்மி, எண்ணெய் அதிகம் கேக்காது, விலையும் கம்மி. லட்சக்கணக்கான சைக்கிள்ல அதைத்தான் மாட்டினாங்க. ஆனா வயசானா விரிசல் விடும். அதுவும் போல்ட்டு நுழையற இடத்துலதான் முதல்ல விடும். ஐரோப்பாவுல விரிசல் விட்டா கடையில இன்னொண்ணு வாங்கலாம். போளூர்ல 1984-ல விட்டா? நம்ம நாட்டுல அட்லஸ் கம்பெனியே 1978-லதான் முதல் ரேஸிங் சைக்கிளைக் கொண்டுவந்தாங்க. நம்ம தாலுகாவுல யார்கிட்ட கேக்கறது!

அப்பா பாய் கடைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சந்துல இருந்த கடை. ஓவராயில், பஞ்சர், வாடகை சைக்கிள் எல்லாம் பாத்தவர். பாய் அந்த பிளாஸ்டிக்கை கையில வெச்சுகினு ரொம்ப நேரம் பாத்தாராம். அப்புறம் விரிசல் விட்ட ஓட்டையைப் பெருசாக்கி, லேத்துல கடைஞ்ச பித்தளை புஷ்ஷை உள்ள இறக்கி, மேல பித்தளைப் பட்டை ஒண்ணை வளைச்சு ரிவிட் அடிச்சார். ரெண்டு ஆடி ஓடிச்சு.

கடைசியில வண்டியைக் கவுத்தது கியர் இல்லை, டயர். அதோட ரிம் 27 இன்ச். நம்ம ஊர்ல கிடைக்கறது 28-க்கு ஒன்றரை. பேர்லதான் ஒரு இன்ச் வித்தியாசம். டயர் உக்கார்ற இடத்தை அளந்தா 27-க்கு 630 மில்லிமீட்டர், 28-க்கு 635. அஞ்சே மில்லிமீட்டர்! கையால மாட்டினா அழகா உக்காரும். காத்தடிச்சா கழண்டுகினு வந்துடும். சரி ரிம்மை மாத்தலாம்னா, நம்ம ஊர் ரிம்ல முன்னாடி 32 ஓட்டை, பின்னாடி 40. அந்த வண்டியோட ஹப்புல ரெண்டுக்குமே 36. எதுவும் எதோடயும் சேராது. 1986-ல பாய் ரெண்டு சக்கரத்தையும் முழுசா கழட்டி நாட்டு சக்கரம் போட்டுட்டார். பின்னாடி அகலம் பத்தலைன்னு வாஷர் வெச்சு அடைச்சார். கியரைக் கழட்டிட்டு, 40 பல்லுக்கு 18 பல்லு ஃப்ரீவீல். கனமான கேரியர். பத்து கியர் வண்டி ஒத்தை கியர் வண்டி ஆச்சு. 1996-ல டிவிஎஸ் ஃபிப்டி வாங்கற வரைக்கும் அப்பா அதுலதான் ஆரணி போய் வந்தார். பத்து ஆடி, ஒரே கியர்ல.

அப்பா 2015-ல போயிட்டார். வண்டி தறி வீட்டு மூலையில சாக்கு போத்திகினு நின்னுது. 2022-ல நான் இறக்கி வெச்சேன்.

ஆரம்பத்துல பிளான் சிம்பிள். கேரியர், ஸ்டாண்டு, நாட்டு சக்கரம் எல்லாத்தையும் கடாசிட்டு, 1974 கேட்லாக்ல இருந்த மாதிரி கொண்டுவரணும். அதுக்கு சிம்ப்ளெக்ஸ் டீரெய்லியர் வேணும். வெளிநாட்டுல பெட்டி பிரிக்காததுகூட கிடைக்குது. ஆனா பெட்டிக்குள்ள இருந்தாலும் அதுவும் ஐம்பது வயசு பிளாஸ்டிக்தான். அத்தனை பணம் கொடுத்து இன்னொரு விரிசலை வாங்கறதுக்கு எனக்கு மனசு வரலை.

பெங்களூர்ல ஒரு நண்பர், நம்மளை மாதிரியே கிறுக்கு, "சன்டூர் இருக்கு, தரவா?"ன்னார். சன்டூர் ஜப்பான் கம்பெனி. 1964-ல அவங்க ஒரு வேலை பண்ணினாங்க. டீரெய்லியரோட உடம்பு ஒரு இணைகரம், அதாவது எதிரெதிர் பக்கம் சமமான நாலு கம்பி. அதை சாய்ச்சு வெச்சாங்க, அவ்ளோதான். பின்னாடி பல்சக்கரங்கள் கூம்பு மாதிரி படிப்படியா பெருசாகுது இல்லையா, சாய்ச்சதால அந்த குட்டி சக்கரமும் அதே சரிவுல ஏறி இறங்குது. எல்லா பல்லுக்கும் ஒரே தூரத்துல நிக்கும், டக்குனு மாறும். காப்புரிமை 1984-ல முடிஞ்சதும் ஷிமானோ முதலா மத்தவங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு நீங்க வாங்கற கியர் சைக்கிள்லயும் பெரும்பாலும் அந்த சாய்வு இருக்கும். எழுபதுகள்ல சிம்ப்ளெக்ஸ் உடைஞ்ச அமெரிக்காக்காரங்க நிறைய பேர் மாத்திக்கிட்டது சன்டூருக்குத்தான். ஆக அதுவும் பீரியட்தான், கேட்லாக்தான் இல்லை. இந்த மாதிரி சந்துபொந்துல புகுந்து சமாதானம் தேடறதே இந்த வியாதியோட முக்கிய அறிகுறி :-)

சன்டூர் வந்துது. பின் சக்கரத்து ஹப்பு வேணுமேன்னு பாய்கிட்ட போனேன். கடையை இப்ப பையன் பாத்துக்கறார், பாய் சும்மா வந்து உக்கார்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உள்ள போனார். கம்பியில கோத்து மாட்டியிருந்த பழைய ஹப்பு கூட்டத்துல 36 ஓட்டை ஹப்பு, அஞ்சு பல்சக்கரத்தோட. அப்புறம் ஒரு பிஸ்கட் டின். காட்டர் பின், பால்ஸ், வால்வு மூடிகளுக்கு அடியில அந்த சிம்ப்ளெக்ஸ். பித்தளைப் பட்டையோட.

"தூக்கிப் போடலையா பாய்?"

"இன்னா தம்பி, எத்தினி நாள் வேல அது. எப்படி போடறது? பிளாஸ்டிக்ல கியர் பண்ணவனை நேர்ல பாத்தா ரெண்டு வார்த்த கேக்கணும்னு வெச்சிருந்தேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க அப்பாரு இதுக்கு பன்னெண்டு ரூபா பாக்கி"ன்னார்.

இருபது ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு எட்டு ரூபா சில்லறை கொடுத்தார். பையன் சிரிச்சார், பாய் சிரிக்கலை.

பின் சக்கரத்து ரிம்மை அந்தக் காலத்துலயே பசங்க குச்சி வெச்சு உருட்டித் தொலைச்சாச்சு. முன் சக்கரம் எங்கேன்னு அம்மாவைக் கேட்டேன். "உங்க அத்த வூட்லதான் சுத்திகினு கீது"ன்னாங்க. நிஜமாவே சுத்திகினுதான் இருந்துது. தார் சுத்தற ராட்டையில.

தெரியாதவங்களுக்கு: தறியில குறுக்கே ஓடற ஊடை நூலை சின்ன குச்சியில சுத்தி நாடாவுக்குள்ள வைப்பாங்க. அந்தக் குச்சிதான் தார். ஒரு பெரிய சக்கரத்தைக் கையால சுத்தினா, அதுமேல ஓடற கயிறு பக்கத்துல இருக்கற கதிரைச் சுத்தும், கதிர்ல தார் நிரம்பும். நெசவுக்காரங்க வீட்டுல சைக்கிள் சக்கரத்தை இதுக்கு வெச்சுக்கறது ரொம்ப சகஜம். அத்தை வீட்டு ராட்டையில கதிரோட கப்பி ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சக்கரம் ஒரு சுத்துக்கு கதிர் முப்பது சுத்து. யோசிச்சுப் பாத்தா இதுவும் கியர்தான். என் வண்டியோட பெரிய கியர்லகூட பெடல் ஒரு சுத்துக்கு சக்கரம் நாலு சுத்து வராது.

குரோம் போகாம, கோட்டம் இல்லாம, முப்பத்தாறு கம்பியும் முழுசா, கேட்லாக்ல இருந்த அதே சக்கரம். எனக்குக் கையெல்லாம் பரபரன்னுது.

அத்தை மறுக்கலை. "எடுத்துகினு போடா, உங்க அப்பன் வண்டிதான. ஆனா பொழுது சாயறதுக்குள்ள வேற சக்கரம் மாட்டிக் குடுத்துடு. காலையில தார் இல்லேன்னா தறி நின்னுடும்."

புது நாட்டு சக்கரம் ஒண்ணு வாங்கிகினு போய் மாட்டினேன். அத்தை உக்காந்து சுத்தினாங்க. பாதி தார்கூட நிரம்பலை, கயிறு நழுவிடுச்சு. மறுபடி மாட்டி சுத்தினாங்க, மறுபடி நழுவிச்சு. நாட்டு ரிம்மோட குழி அகலம், கயிறு இங்கயும் அங்கயும் அலையுது. அந்த 27 இன்ச் ரிம்மோட குழி ஒடுக்கம், ஆழம். கயிறு நடுவுலயே உக்காந்துக்கும். ஹப்பும் லேசு, விரலால தட்டினாலே சுத்தும். முப்பத்தாறு வருஷமா அந்த சக்கரத்துக்குப் பழகின கை அது. மூணாவது தடவை நழுவினப்ப அத்தை ஒண்ணும் சொல்லலை, கயிறை எடுத்துத் திரும்ப மாட்டினாங்க. நான்தான் எழுந்து பழைய சக்கரத்தையே திருப்பி மாட்டிக் கொடுத்துட்டு, புதுசை எடுத்துகினு வந்தேன்.

பெங்களூர் நண்பர்கிட்டயே ரெண்டு அலுமினிய ரிம்மும் ஒரு முன் ஹப்பும் கிடைச்சுது. பாய் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல, பையன் கம்பி கோத்து கோட்டம் எடுத்துக் கொடுத்தார். டயர் தைவான் கெண்டா. வெய்ன்மன் பிரேக்கை மண்ணெண்ணெயில ஊறவெச்சு எடுத்தேன், நல்லாவே பிடிக்குது.

பெயின்ட் அடிக்கலை. லீவர் பக்கத்துல, சாய்ஞ்ச கம்பியில ஒரு ரூபா அகலத்துக்கு சிவப்பு தேய்ஞ்சு இரும்பு தெரியுது. அப்பா கியர் மாத்தறப்ப கட்டைவிரல் படற இடம். ஏழு வருஷத்துல தேய்ஞ்சது. அதுமேல பெயின்ட் அடிச்சா கேட்லாக் சந்தோஷப்படும், எனக்கு ஆகாது. கேரியரையும் கழட்டலை. வண்டி கேட்லாக்ல இருந்ததைவிட களம்பூர் ரோட்டுல இருந்ததுதான் அதிகம். எந்த பீரியடுக்கு கரெக்டா இருக்கணும்னு யாராவது கேட்டா, நான் ஆரணி பீரியடுன்னுதான் சொல்லுவேன்.

அப்ப எந்த டீரெய்லியர்? பாயோட பித்தளை சிம்ப்ளெக்ஸைத்தான் முதல்ல மாட்டிப் பாத்தேன். 24 பல்லு வரைக்கும் ஏறுது, 28-க்கு ஏற மாட்டேங்குது. முக்கி முனகி பாதியில நிக்குது. தரை ரோட்டுக்கு இது போதும். போன ஆடியில அதுலயே ஆரணி போய் வந்தேன். திரும்பறப்ப களம்பூர் தாண்டினதும் காத்து ஆரம்பிச்சுது. குனிஞ்சு, அந்த தேய்ஞ்ச இடத்துல விரலை வெச்சு, 40-க்கு 24-ல தள்ளினேன். செயின் சத்தம் அடங்க நாலு தடவை சரி பண்ண வேண்டியிருந்துது. காலி கேரியரோட எனக்கு மூச்சு வாங்குச்சு. அவர் நூல் மூட்டையோட, அதுவும் அந்த பத்து வருஷம் ஒத்தை கியர்ல எப்படி வந்தார்னு தெரியலை. வீட்டுல ஒரு நாள்கூட சொன்னதில்லை.

சன்டூர் வீட்டுல எண்ணெய் துணியில சுத்தி இருக்கு. ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூர் ரோட்டுல ஏறறப்ப 28 பல்லு இல்லாம முடியாது. அன்னிக்கு அது. அரை மணி நேர வேலைதான், ஒரு போல்ட்டு, ஒரு கேபிள். ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டறேன்னு கேட்டு பாய் தலையில அடிச்சுக்கிட்டார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. அலுமினிய ரிம்முல ஒண்ணுல சின்ன வெடிப்பு தெரியுது, ரொம்ப நாள் தாங்காது. அதனால உங்க யார் வீட்டுப் பரண்லயாவது, பாண்டிச்சேரி பக்கம் பழைய இரும்புக் கடையிலயாவது, 36 ஓட்டையோட 27 இன்ச் ரிம் கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். ராட்டையில சுத்திகினு இருந்தா மட்டும் வேணாம்.